இடுப்புப் பிடிப்பும் இரட்டைக் குளிசையும்



இம்மாதம் இரத்தச்சோகை பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதை அடுத்த இதழுக்குத் தள்ளிவைக்க வேண்டியதாயிற்று. ஒரு சகோதரி நான்கு பக்கங்களில் எழுதிய கடிதமே காரணம். பெயரையும் ஊரையும் போடவேண்டாம் என்று கேட்டிருக்கிறார். "நடந்ததை மட்டும் எழுதுங்கள். இன்னொரு வீட்டில் இது நடக்காமல் இருக்கட்டும்" என்று முடித்திருக்கிறார்.

நடந்தது இதுதான். தம்பியின் கலியாண வேலையில் அரிசி மூடையை இழுத்து வைக்கப் போய் அந்தச் சகோதரிக்கு இடுப்பில் பிடித்துக்கொண்டது. குனிய முடியவில்லை, ருகூவுக்குப் போனால் நிமிர முடியவில்லை. ஓ.பீ.டீ.யில் காட்டினார். டொக்டர் ஐந்து நாட்களுக்குக் குளிசை எழுதிக் கொடுத்தார். வேளைக்கு இரண்டு, நாளைக்கு மூன்று வேளை. மூன்று நாட்களில் நோவு விட்டது. மீதிப் பன்னிரண்டு குளிசைகளையும் சோகேஸ் லாச்சியில் போட்டு வைத்தார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய உம்மா கழுத்துப் பிடிப்போடு எழும்பினார். உம்மாவுக்கு 68 வயது. பக்கத்து டிஸ்பென்சரி பூட்டு. "எனக்கு நன்றாகக் கேட்ட மருந்துதானே" என்று மகள் லாச்சியைத் திறந்தார். பகல் சாப்பாட்டுக்குப் பின் இரண்டு, இரவு இரண்டு, மறுநாள் காலையில் இரண்டு.

திங்கட்கிழமை காலையிலேயே உம்மா, வாய் காய்கிறது, நாக்கு ஒட்டுகிறது என்றார். குர்ஆனை விரித்தால் எழுத்துகள் கலங்குகின்றன என்றார். அஸருக்குப் பின் பேச்சு மாறியது. போர்வையில் இல்லாத நூலைப் பிடுங்க ஆரம்பித்தார். பத்து வருடங்களுக்கு முன் மௌத்தான தன் ராத்தா வாசலில் நிற்பதாகவும், கதிரை போடும்படியும் மகளை ஏசினார். வீட்டில் கூடியவர்கள் கண்ணூறு என்றார்கள். மையித்து வீட்டுக்குப் போய் வந்தது ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். பள்ளிவாசல் மௌலவியை அழைத்துத் தண்ணீர் ஓதிக் கொடுத்தார்கள்.

அந்த மௌலவிக்கு அல்லாஹ் அருள் புரியட்டும். ஓதி முடித்துவிட்டு, "இவர் எப்போது கடைசியாகச் சிறுநீர் போனார்?" என்று கேட்டிருக்கிறார். அப்போதுதான் வீட்டார் யோசித்தார்கள். சுபஹுக்குப் பிறகு போகவே இல்லை. அடிவயிறு பானைபோல் இறுகியிருந்தது. "ஓதியது ஓதியதாக இருக்கட்டும். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்" என்று அவரே வாகனம் பிடித்துக் கொடுத்தார்.

வைத்தியசாலையில் குழாய் போட்டு ஒரு லீற்றர் அளவுக்குச் சிறுநீர் எடுத்தார்கள். வீட்டிலுள்ள எல்லா மருந்துகளையும் கொண்டுவரச் சொன்னார்கள். மகன் ஒரு பையில் அள்ளிக்கொண்டு ஓடினார். அதைப் பார்த்த பிறகுதான் டொக்டருக்கு விடை கிடைத்தது. இரண்டு நாட்களில் உம்மா தெளிந்துவிட்டார், அல்ஹம்துலில்லாஹ்.

"ஆனால் நான் தெளியவில்லை. என் கையாலேயே என் உம்மாவுக்கு நஞ்சைக் கொடுத்துவிட்டேனா?" என்று கேட்கிறார் அந்தச் சகோதரி. அதற்குரிய பதிலைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் அந்தக் குளிசைக்குள் என்ன இருந்தது என்று பார்ப்போம்.

பிடிப்பு என்பது என்ன?

நமது தசைகள் நாம் விரும்பும்போது இறுகி, விரும்பும்போது தளர்கின்றன. பாரம் தூக்கும்போது, கோணலாகப் படுக்கும்போது, வெகுநேரம் குனிந்து துணி தோய்க்கும்போது தசையிலோ மூட்டைச் சுற்றிய நாரிலோ சிறு காயம் உண்டாகலாம். அந்த இடம் மேலும் அசையாமல் இருக்கவேண்டும் என்று சுற்றியுள்ள தசைகள் தாமாகவே இறுகிக்கொள்கின்றன. இதைத்தான் பிடிப்பு என்கிறோம். இறுகிய தசை நோகும். நோவு வந்தால் தசை இன்னும் இறுகும். ஒன்று மற்றொன்றை வளர்க்கும்.

இந்தச் சுற்றை இரு பக்கத்தாலும் அறுப்பதற்காகவே கூட்டு மருந்துகள் தயாரிக்கப்படுகின்றன. ஒரு மருந்து நோவைக் குறைக்கும். மற்றது இறுக்கத்தைத் தளர்த்தும். இரண்டையும் ஒரே குளிசையில் சேர்த்திருப்பார்கள். பார்த்தால் ஒரு குளிசை. விழுங்கும்போது இரண்டு மருந்துகள். சில வகைகளில் மூன்றும் இருக்கும். ஆபத்து ஆரம்பிக்கும் இடமும் இதுதான்.

தசையைத் தொடாத தசை மருந்து

அந்தச் சகோதரிக்குக் கிடைத்த குளிசையில் 450 மில்லிகிராம் பரசிட்டமோலும் 35 மில்லிகிராம் ஓர்பெனட்ரினும் இருந்தன. பரசிட்டமோலை நமக்குத் தெரியும். பனடோல் என்ற பெயரில் எல்லா வீட்டிலும் இருப்பது அதுதான். ஓர்பெனட்ரின்தான் புதியவர்.

தசையைத் தளர்த்தும் மருந்து என்றதும், அது நேராக இடுப்புக்குப் போய் அங்குள்ள தசையை மட்டும் இளக்குகிறது என்று நினைக்கிறோம். அப்படியல்ல. இது மூளையிலும் முள்ளந்தண்டு நரம்பிலும் வேலை செய்கிறது. அதனால்தான் தூக்கம் வருகிறது, தலை சுற்றுகிறது. அத்தோடு, உடலில் உமிழ்நீர் சுரக்கவும், குடல் அசையவும், சிறுநீர்ப்பை சுருங்கவும், கண் கிட்டப் பார்வைக்குத் தன்னைச் சரிசெய்யவும் கட்டளை கொண்டுபோகும் ஓர் இரசாயனத் தூதனை ஓர்பெனட்ரின் தடுத்துவிடுகிறது. வாய் காய்வதும், எழுத்துக் கலங்குவதும், மலம் இறுகுவதும், சிறுநீர் தடைப்படுவதும் இதனால்தான்.

நாற்பது வயதுப் பெண்ணுக்கு இது வாய் காய்ச்சலோடு போய்விடலாம். வயது போனவர்களின் மூளை இந்தத் தூதனின் குறைவைத் தாங்காது. அவர்களுக்குப் புத்தி தடுமாறும், இல்லாதது தெரியும், பிதற்றுவார்கள். இதைப் பைத்தியம் என்றோ பார்வைக் கோளாறு என்றோ எண்ணி நாட்களைக் கழிப்பது ஆபத்தானது. வயதான ஒருவர் ஓரிரு நாட்களுக்குள் திடீரெனப் புத்தி மாறிப் பேசினால், முதலில் கேட்கவேண்டிய கேள்வி, "புதிதாக என்ன மருந்து எடுத்தார்?" என்பதே. துஆவை விடவேண்டாம், வாகனத்தையும் பிடியுங்கள்.

இந்த உம்மாவின் விடயத்தில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. அவருக்குச் சீனி வருத்தம். கால் எரிவுக்காகக் கிளினிக்கில் இரவில் எடுக்க அமிட்ரிப்டிலின் கொடுத்திருந்தார்கள். தோல் கடிக்குப் பிரிட்டன் குளிசையும் எடுத்து வந்திருக்கிறார். இவ்விரண்டும் அதே தூதனைத் தடுப்பவைதாம், தூக்கத்தையும் தருபவை. ஆக ஒரே கதவை மூன்று மருந்துகள் சேர்ந்து அடைத்துவிட்டன. தனித்தனியாகப் பார்த்தால் மூன்றும் நல்ல மருந்துகள். மூன்றையும் ஒன்றாகப் பார்க்க அன்று அந்த வீட்டில் எவரும் இருக்கவில்லை.

யார் விலகியிருக்க வேண்டும்?

ஓர்பெனட்ரின் கலந்த குளிசையைப் பின்வருவோர் வைத்தியரைக் கேட்காமல் தொடவே கூடாது: கண்ணில் அழுத்தம் கூடிய குளோகோமா என்னும் நோயுள்ளவர்கள், சிறுநீர் கழிக்கச் சிரமப்படுபவர்கள், விசேடமாகப் புரொஸ்டேட் வீங்கிய வயதான வாப்பாமார், குடல் அடைப்பு உள்ளவர்கள், தசை சோர்ந்துபோகும் மயஸ்தீனியா நோய் உள்ளவர்கள், இதயத் துடிப்பில் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு வைத்தியர்களே இதை மிகத் தயங்கித்தான் எழுதுவார்கள்.

சில கூட்டுக் குளிசைகளில் குளோர்சொக்சசோன் என்ற வேறொரு தளர்த்தும் மருந்து இருக்கும். அது சிறுநீரைச் செம்மஞ்சளாகவோ ஊதாச் சிவப்பாகவோ மாற்றலாம். அதற்காகப் பயப்படத் தேவையில்லை. ஆனால் அரிதாக ஈரலைக் கடுமையாகத் தாக்கக்கூடியது. கண் மஞ்சளானால், சாப்பாட்டைக் கண்டாலே குமட்டினால், வலப்பக்க மேல்வயிறு நொந்தால் உடனே நிறுத்திவிட்டு வைத்தியரிடம் செல்லுங்கள்.

இந்த வகை எதை எடுத்தாலும் தூக்கக் கலக்கம் வரலாம். எடுத்த பின் ஸ்கூட்டர் ஓட்டவேண்டாம். கொதியெண்ணெய்ச் சட்டியின் முன் தனியே நிற்கவேண்டாம். கைக்குழந்தையை ஒரே படுக்கையில் அணைத்துக்கொண்டு உறங்கவும் வேண்டாம். தாய் அயர்ந்து புரண்டாலும் குழந்தையால் சொல்ல முடியாது.

பனடோல் கணக்கு

இனி நம் எல்லோருடைய வீட்டுக்கும் பொருந்தும் கணக்கு. பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள்.

வளர்ந்த, ஆரோக்கியமான ஒருவர் 24 மணித்தியாலத்துக்குள் எடுக்கக்கூடிய பரசிட்டமோலின் உச்ச அளவு 4000 மில்லிகிராம். அதாவது 500 மில்லிகிராம் குளிசை எட்டு. உடல் எடை 50 கிலோவுக்குக் குறைந்தவர்கள், ஈரல் நோயுள்ளவர்கள், பல நாள் நோயினால் ஆகாரமில்லாமல் மெலிந்தவர்கள் ஆகியோருக்கு இந்த அளவு கூடாது. வைத்தியர் குறைத்துத்தான் கொடுப்பார். நம் பெண்களில் 50 கிலோவுக்குக் குறைந்தவர்கள் எத்தனை பேர் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

மேற்சொன்ன கூட்டுக் குளிசையை வேளைக்கு இரண்டாக மூன்று வேளை எடுத்தால் 450 பெருக்கல் 6, மொத்தம் 2700 மில்லிகிராம் பரசிட்டமோல். இது எல்லைக்குள்தான். இப்போது "நோவு முற்றாக விடவில்லை" என்று இடையிடையே இரண்டு பனடோலாக மூன்று தடவை போடுகிறோம். அது 3000. கூட்டினால் 5700. எல்லையைத் தாண்டிவிட்டோம். அத்தோடு தடிமனும் இருந்தது, கடையில் தடிமன் குளிசை வாங்கினோம் என்றால் அதிலும் பெரும்பாலும் பரசிட்டமோல் இருக்கும். கணக்கு 6000ஐத் தாண்டும். நாம் எடுத்ததோ "பிடிப்புக்கு ஒன்று, நோவுக்கு ஒன்று, தடிமனுக்கு ஒன்று". மூன்று நோய், மூன்று பெயர், ஒரே மருந்து.

பரசிட்டமோல் அளவு மீறினால் ஈரல் கெடும். இதில் கொடுமை என்னவென்றால் முதல் நாள் ஒன்றுமே தெரியாது. சற்றுக் குமட்டல், சத்தி, அவ்வளவுதான். மறுநாள் சுகமானதுபோலவும் தோன்றும். ஈரல் பாதிப்பு இரண்டாம் மூன்றாம் நாளில்தான் வெளியே தெரியும். இதற்கு மாற்று மருந்து உண்டு. எட்டு மணித்தியாலத்துக்குள் ஆரம்பித்தால் மிக நல்ல பலன் தரும். ஆகவே கூடுதலாக எடுத்துவிட்டோம், அல்லது பிள்ளை விழுங்கிவிட்டது என்று தெரிந்தவுடன் "ஒன்றும் செய்யவில்லையே" என்று காத்திருக்காதீர்கள். சத்தி எடுக்க வைக்க முயலவும் வேண்டாம். குளிசை அட்டையையும் கையில் எடுத்துக்கொண்டு அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

சிறு பிள்ளைகளுக்கு ஓர்பெனட்ரின் இன்னும் ஆபத்தானது. இனிப்பென்று நினைத்து விழுங்கும் சில குளிசைகளே வலிப்பையும் இதயக் கோளாறையும் கொண்டுவரக்கூடும்.

காய்ச்சலோடு வரும் உடல் நோவு

கூட்டு மருந்துகளில் மற்றொரு வகை, டைக்ளோபெனாக், இபுபுரோபன், அசெக்ளோபெனாக் போன்றவை கலந்தவை. இவை நோவையும் வீக்கத்தையும் நன்றாகக் குறைக்கும். ஆனால் இரைப்பையைப் புண்ணாக்கும், பிரஷரைக் கூட்டும், சிறுநீரகத்துக்குச் சுமையாகும். அல்சர், இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்களும், மூச்சு முட்டு உள்ளவர்களும், இரத்தம் உறையாதிருக்க வார்பரின் போன்ற மருந்து எடுப்பவர்களும் தாமாக இவற்றை எடுக்கக் கூடாது. பிரஷருக்கு எனலாப்ரில், லொசார்டன் போன்ற குளிசையும் சிறுநீர் போகும் குளிசையும் எடுப்பவர், மூன்றாவதாக டைக்ளோபெனாக்கையும் சேர்த்தால் சிறுநீரகம் திடீரெனச் செயலிழக்கக்கூடும். கர்ப்பிணிகள் இவ்வகையை 20ஆவது வாரத்துக்குப் பிறகு தவிர்க்கவேண்டும். கடைசி மூன்று மாதங்களில் அறவே கூடாது. அதற்கு முன்பும் வைத்தியரைக் கேட்டே எடுக்கவேண்டும்.

நம் நாட்டில் இதைவிடவும் முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. டெங்குக் காய்ச்சல் ஆரம்பிப்பதே உடல் முறிவதுபோன்ற நோவோடுதான். இடுப்பு, முதுகு, கை கால் எல்லாம் நோகும். "வேலை செய்த அலுப்பு" என்று நோவுக் குளிசையைப் போடுகிறோம். டைக்ளோபெனாக், இபுபுரோபன், அஸ்பிரின் ஆகியவை டெங்கில் இரத்தக் கசிவைத் தூண்டும். 2017ஆம் ஆண்டில் மாத்திரம் இலங்கையில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்ட டெங்கு நோயாளர்கள் பதிவானார்கள். எனவே காய்ச்சலும் உடல் நோவும் சேர்ந்து வந்தால் பரசிட்டமோல் மட்டும், அதுவும் அளவோடு. கூட்டுக் குளிசை வேண்டவே வேண்டாம். மூன்றாம் நாளிலும் காய்ச்சல் நின்றால் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். வயிற்று நோவோ, ஓயாத சத்தியோ, இரத்தக் கசிவோ இருந்தால் மூன்று நாட்கள் காத்திருக்கவும் வேண்டாம்.

அதேபோல் வயலுக்கு இறங்கும் கணவருக்கோ மகனுக்கோ காய்ச்சலோடு கெண்டைக்கால் தசை தொட முடியாமல் நொந்தால், அது பிடிப்பல்ல; எலிக்காய்ச்சலாக இருக்கலாம். அதுவும் சிறுநீரகத்தைத் தாக்கும் நோய். எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்காமல் வைத்தியசாலைக்கு அனுப்புங்கள்.

கொலஸ்ட்ரோல் குளிசை எடுப்பவர்களுக்குத் தசை நோவு வருவதுண்டு. சிறுநீர் போகும் குளிசையினால் உடலில் பொட்டாசியம் குறைந்தும் கால் பிடிப்பு வரலாம். இவர்களுக்குத் தேவை இன்னொரு குளிசையல்ல; இருக்கின்ற மருந்தை வைத்தியர் மறுபரிசீலனை செய்வதே. தாமாக நிறுத்தவும் கூடாது.

நோன்பு காலத்தில்

ரமழானில் நம் பெண்கள் செய்யும் ஒரு தவறு, பகலில் விடுபட்ட வேளைக்கும் சேர்த்து நோன்பு திறக்கும்போது இரட்டிப்பாகப் போடுவது. வேளையைக் குறைக்கலாம். அளவைக் கூட்ட முடியாது. நாளைக்கு இரு வேளை போதுமென்றால் இஃப்தாருக்குப் பின் ஒன்று, ஸஹரில் ஒன்று என வைத்தியரிடம் கேட்டு ஒழுங்கு செய்யலாம். வெறும் வயிற்றில் டைக்ளோபெனாக் வகையைப் போடவேண்டாம். ஈத்தம்பழத்தோடும் கஞ்சியோடும் சற்று உண்டபின் போடுங்கள். பகல் முழுவதும் தண்ணீர் குடிக்காத உடலில் அந்த வகை சிறுநீரகத்தை மேலும் வாட்டும் என்பதால், முதியவர்களும் சீனி, பிரஷர் உள்ளவர்களும் அதைத் தவிர்ப்பதே நலம்.

நோவு தாங்க முடியாமல் பகலில் மருந்து அவசியமானால் நோன்பை விட்டுப் பின்னர் கழாச் செய்ய நோயாளிக்கு அல்லாஹ் ஸூரத்துல் பகராவில் அனுமதி அளித்திருக்கிறான். தொழுகையிலும் அப்படியே. மூல வருத்தத்தால் அவதிப்பட்ட இம்ரான் இப்னு ஹுஸைன் (ரழி) அவர்களுக்கு, நின்று தொழ முடியாவிட்டால் இருந்தும், அதுவும் முடியாவிட்டால் சாய்ந்தும் தொழும்படி நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியதை ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். பிடித்த இடுப்போடு ஸுஜூதுக்குப் போய் நோவை இரட்டிப்பாக்கி, பிறகு குளிசையையும் இரட்டிப்பாக்க வேண்டாம். இரண்டு நாட்கள் கதிரையில் இருந்து தொழுங்கள்.

குளிசைக்கு முன்

பெரும்பாலான இடுப்புப் பிடிப்புகள் சில நாட்களில் தணிந்து, சில வாரங்களில் முற்றாகச் சுகமாகும். சுடுநீர்ப் பையைத் துவாயில் சுற்றி 15 முதல் 20 நிமிடம் ஒத்தடம் கொடுங்கள். சீனி வருத்தத்தால் காலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குக் காலில் சுடு ஒத்தடம் வேண்டாம், வெந்துபோனாலும் தெரியாது. பக்கவாட்டில் படுத்து முழங்கால்களுக்கிடையில் ஒரு தலையணை வையுங்கள். ஒரு வாரம் பாயோடு கிடப்பது சுகத்தைப் பிற்போடும். ஒன்றிரண்டு நாள் ஓய்வுக்குப் பின் மெல்ல நடமாடுவதே நல்லது. இரவில் கெண்டைக்கால் இழுத்தால் காலை நீட்டிப் பாதத்தை முழங்கால் பக்கமாக மடக்கிப் பிடியுங்கள்.

இவற்றோடும் நோவு இருந்தால் முதலில் பரசிட்டமோல் மட்டும் போதுமா என்று பாருங்கள். போதாவிட்டால் வைத்தியரைக் காணுங்கள். கூட்டுக் குளிசையை அவர் தந்தால் அது சில நாட்களுக்குரியது. மாதக் கணக்கில் எடுப்பதற்குரியதல்ல.

பிடிப்பென்று எண்ணக் கூடாதவை

பின்வருவன இருந்தால் குளிசையைத் தேடாமல் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்: இடுப்பு நோவோடு சிறுநீர், மலம் கட்டுப்பாடின்றிப் போதல் அல்லது போகாதிருத்தல், இரு தொடைகளுக்கும் நடுவே மரத்துப்போதல், காலில் பலமின்மை, வயதானவர் விழுந்த பின் வரும் முதுகு நோவு, காய்ச்சல், தலையிடியோடு கழுத்து விறைத்தல், பிள்ளைப்பேற்றுக்கோ சத்திர சிகிச்சைக்கோ பின் ஒரு கால் மாத்திரம் வீங்கி நோதல். நெஞ்சு, இடது தோள், தாடை என்று பரவும் நோவு, அதுவும் வியர்வையும் இளைப்புமாக வந்தால், பெண்களுக்கும் அது மாரடைப்பாக இருக்கலாம். தைலம் தடவி நேரத்தைக் கடத்தாதீர்கள்.

பார்மசியில் கேட்கவேண்டியவை

நம் ஊர்ப் பார்மசிகளில் அட்டையிலிருந்து வெட்டி, சிறு கடதாசி உறையில் போட்டுத் தருகிறார்கள். உறையில் "காலை 2, பகல் 2, இரவு 2" என்று மட்டும் இருக்கும். பெயருமில்லை, காலாவதித் திகதியுமில்லை. உறையில் மருந்தின் மூலப் பெயரை எழுதித் தரும்படி கேளுங்கள். அது உங்கள் உரிமை. வர்த்தகப் பெயர்கள் நூறு இருக்கலாம். மூலப் பெயர் ஒன்றுதான். 1971இல் அமைக்கப்பட்ட அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவரான பேராசிரியர் சேனக்க பிபிலே, மருந்துகள் மூலப் பெயராலேயே வழங்கப்படவேண்டும் என்று வாதாடியதன் அருமை, இப்படி ஒரு லாச்சியைத் திறக்கும்போதுதான் விளங்கும். பெயர் இருந்திருந்தால் அந்த மகள் ஒருவரிடமாவது கேட்டிருப்பார்.

மருந்தாளரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். இதற்குள் என்னென்ன மருந்துகள் உள்ளன? இதோடு பனடோல் போடலாமா? நான் ஏற்கெனவே எடுக்கும் மருந்துகளோடு ஒத்துப்போகுமா? மூன்றாவதைக் கேட்பதற்கு உங்கள் கிளினிக் கொப்பியைக் கையோடு கொண்டுபோங்கள். வீட்டில் ஒவ்வொருவரும் எடுக்கும் மருந்துகளின் பெயரை ஒரு தாளில் எழுதி அலுமாரிக் கதவின் உட்புறம் ஒட்டி வையுங்கள். தமிழில் எழுதினாலும் போதும்.

மிச்சம் வரும் குளிசையை "தேவைக்கு இருக்கட்டும்" என்று வைக்காதீர்கள். வைத்தியர் அதை எழுதியது உங்கள் வயதுக்கும் உங்கள் ஈரலுக்கும் உங்கள் கண்ணுக்கும் உரியதாக. அது உங்கள் உம்மாவுக்கு எழுதியதல்ல. மீதியைப் பார்மசியில் கொடுத்து அழிக்க முடியுமா என்று கேளுங்கள். எடுக்காவிட்டால், பிள்ளைகளின் கைக்கு எட்டாதபடி பழைய தேயிலைச் சாயத்தோடு கலந்து, பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள்.

கடைசியாக, கடிதம் எழுதிய சகோதரிக்கு. நீங்கள் நஞ்சு கொடுக்கவில்லை. உம்மாவின் நோவைக் காணச் சகிக்காமல், உங்களுக்கு நன்மை செய்த ஒன்றை அவருக்கும் கொடுத்தீர்கள். அந்த எண்ணத்தை அல்லாஹ் அறிவான். ஆனால் நல்ல எண்ணம் குளிசையின் குணத்தை மாற்றாது. அதைத்தான் இந்தத் திங்கட்கிழமை உங்களுக்குக் காட்டியது. உம்மாவின் கிளினிக் நாளில் நீங்களும் கூடப் போய் நடந்ததை ஒளிக்காமல் சொல்லுங்கள். அமிட்ரிப்டிலினும் பிரிட்டனும் இரண்டும் இனியும் தேவையா என்று கேளுங்கள். அந்தக் கொப்பியின் முதல் பக்கத்தில் ஓர்பெனட்ரின் என்ற பெயரையும், அது கொடுத்து என்ன நடந்தது என்பதையும் எழுதுவித்துக் கொள்ளுங்கள்.

இந்தப் பக்கத்தை வாசித்து முடித்ததும் மற்றச் சகோதரிகள் ஒன்று செய்யுங்கள். எழும்பிப் போய் உங்கள் சோகேஸ் லாச்சியைத் திறந்து பாருங்கள். பெயர் தெரியாத குளிசை எத்தனை இருக்கிறது?

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் இரத்தச்சோகையோடு சந்திப்போம். வஸ்ஸலாம்.